ஏலமலைப் பாதைகளில் பழைய மோட்டார் சைக்கிளும் அதன் அதிர்வுதாங்கியும்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறிய பழைய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் மலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. புல்லட், ஜாவா, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 ஆகிய எல்லாமே சாதாரணச் சாலையில் ஓட விற்கப்பட்ட வண்டிகள். மேடுபள்ளப் பாதைக்கென்றே தயாரான வண்டியை இந்தியாவில் ஒருவர் கடையில் போய் வாங்கக்கூடிய நிலை 2011 வரை ஏறக்குறைய இல்லை எனலாம். ஆயினும் இந்த வண்டிகள் முப்பது, நாற்பது ஆண்டுகள் மலையில் உழைத்தன. சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையில் இருக்கும் வில்லையும் எண்ணெயையும் மீண்டும் மீண்டும் பிரித்துப் புதுப்பிக்க முடிந்ததே அதற்கு முதன்மைக் காரணம். பட்டறையில் ஷாக் அப்சர்பர் என்றும், முன்பக்கத்தை மட்டும் ஃபோர்க் என்றும் சொல்வார்கள். இக்கட்டுரையில் இரண்டுக்கும் பொதுவாக அதிர்வுதாங்கி என்ற சொல் ஆளப்படுகிறது.

மலையும் பாதையும்

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே முந்தல் என்னும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைந்து, பூப்பாறை, மூணாறு வழியாகக் கொச்சிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. மற்றொன்று குரங்கணிக்குப் போகும். அடிவாரத்துக்கும் போடிமெட்டுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். மெட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. தோட்டம் அங்கே இருந்தாலும் வேலையாட்களில் பலர் போடி, தேவாரம், கம்பம் பக்கத்தவர்கள். விளைந்த காயின் விற்பனையிலும் போடிக்குப் பெரிய பங்கு உண்டு. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் இரண்டு இடங்களில் போடி ஒன்று, இடுக்கி மாவட்டத்துப் புற்றடி மற்றொன்று.

ஏலச்செடி மரநிழலில் வளர்வது. நிழலும் ஈரமும் இல்லாவிட்டால் காய் பிடிக்காது. வண்டி ஓட்டுபவருக்கு இதன் பொருள் வேறு. தோட்டத்துப் பாதையில் வெயில் விழாது, ஒருமுறை நனைந்த கல் காய நாளாகும், பாசி பிடிக்கும், மட்கிய இலையும் சேறும் சேர்ந்து பள்ளத்தை மறைத்துவிடும். காய் பறிப்பும் ஒரே தடவையில் முடிவதில்லை. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒன்று எனப் பல சுற்றுகள் பறிக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். ஆகவே தோட்டத்திலிருந்து உலர்த்தும் ஸ்டோருக்குச் செல்லும் மூட்டை, சந்தைக்கு வரும் மூட்டையைவிடப் பல மடங்கு எடை உடையது. மழைக்காலத்தில், நனைந்த பாதையில், மிகுந்த எடையோடு பலமுறை போய்வருவதுதான் இந்தப் பயிரின் போக்குவரத்து.

மோட்டார் வருவதற்கு முன் இந்தச் சுமையைத் தலைச்சுமைக்காரர்களும், கழுதை, குதிரை, மட்டக்குதிரைகளும் சுமந்தன. மூணாறு பக்கத்துத் தேயிலைக்கு ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று அமைந்தது, மாடுகள் அதை இழுத்தன. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டக்குடிக்குக் கயிற்றுவழியில் பெட்டிகள் இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் குண்டளை இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல்தான். அந்த ரயில்பாதையும் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்க்கப்பட்டு, விடுதலைக்குப் பின் மறுபடியும் போடப்பட்டது. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்ற ரயில், 2023 ஜூன் மாதம்தான் மீண்டும் போடி வரை வந்தது.

போருக்குப் பின் ஜீப் வந்தது. இன்றும் விடியற்காலையில் போடியிலிருந்து மலையேறும் தொழிலாளர் ஜீப்புகளைக் காணலாம். ஆனால் ஜீப் பத்துப் பேருக்கான வண்டி. கணக்குப்பிள்ளை, கங்காணி, சிறு தோட்டக்காரர், காய் வாங்கும் தரகர், பால்காரர் போன்ற தனி ஆளுக்கு மோட்டார் சைக்கிள்தான் பொருந்தியது. அதுவும் எல்லா இடத்துக்கும் போகவில்லை. ஊத்துக்காடு, காரிப்பட்டி போன்ற போடி மலைக்கிராமங்களுக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் போனதைச் செய்தித்தாள் வாசகர்கள் அறிவார்கள்.

வில்லும் எண்ணெயும் வந்த கதை

தொடக்கக் கால மோட்டார் சைக்கிளுக்கு இருக்கைக்கு அடியில் மட்டுமே வில் இருந்தது. பின்பு முன்சக்கரத்துக்குச் சுருள்வில்லும் இணைப்புக் கம்பிகளும் கொண்ட அமைப்பு பரவியது. பின்சக்கரம் சட்டகத்தோடு இறுகவே பிணைக்கப்பட்டிருந்தது. 1935இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர் 12, ஆர் 17 வண்டிகளில் எண்ணெயால் தணிக்கப்படும் குழாய் ஃபோர்க்கைப் பொருத்தியது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நழுவும், உள்ளே வில், அதைச் சுற்றி எண்ணெய். இன்று நம் தெருவில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இந்த வழியில் வந்ததே.

வில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கூடச் சொல்லிவிடுவார். அமுக்கிய வில் விடுபட்டதும் எகிறும், மறுபடி அமுங்கும், மறுபடி எகிறும். 17ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் சொன்ன விதிப்படி வில் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு விசையோடு திருப்பித் தள்ளும், வாங்கிய ஆற்றலை விழுங்காது. அதை விழுங்குவது எண்ணெயின் வேலை. சிறு துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிச் செல்லும்போது அசைவு வெப்பமாக மாறுகிறது. மோசமான பாதையில் நெடுநேரம் ஓடிய வண்டியின் பின் அதிர்வுதாங்கியைத் தொட்டால் சுடுவது இதனால்தான். வில் எடையைத் தாங்குகிறது, எண்ணெய் ஆட்டத்தை அடக்குகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பட்டறையில் பாதிப் பணம் வீணாகிறது. அதைப் பின்னர் காண்போம்.

பின்சக்கரத்துக்கு விடிவு வந்தது போருக்குப் பிறகு. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் புல்லட் வண்டியில் பின்சக்கரத்தை ஒரு ஊசலாடும் கையில், அதாவது ஸ்விங் ஆர்மில் பொருத்தி, இருபுறமும் எண்ணெய் அதிர்வுதாங்கி வைத்தது. 1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் இந்த மாதிரி வண்டியில் ஓடியவர்கள் தங்கப் பதக்கம் பெற்றார்கள். கல்லும் சேறும் நிறைந்த பாதைப் போட்டி அது. இப்படிப் பார்த்தால் நம் ஊரில் மிடுக்கான சாலை வண்டியாக அறியப்படும் புல்லட்டின் பின்பக்கம் மண்பாதையில் தேறிவந்த ஒன்று. அடுத்த ஆண்டு வண்டி விற்பனைக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்தியப் படைக்கு எல்லைக் காவலுக்காக புல்லட்டுகள் வாங்கப்பட்டன. 1955இல் மதராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்க, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் புல்லட்டின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. குறையாகப் பேசப்பட்ட இந்த மாறாமைதான் மலைவாசிக்கு உதவியது. ஒரு பத்தாண்டின் வண்டிக்கு அடுத்த பத்தாண்டின் உதிரிபாகம் பெரும்பாலும் பொருந்திவிடும்.

மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கிய உரிமத்தில் 250 சி.சி. ஜாவாவைத் தயாரிக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஜாவாவில் பின்சக்கர அச்சு நேர்க்குத்தாக மேலும் கீழும் சிறிது நழுவும் ஏற்பாடே இருந்தது. மைசூரில் செய்த மாதிரியிலோ ஊசலாடும் கை வந்துவிட்டது. செக் மக்கள் அந்த வண்டிக்கு வைத்த செல்லப்பெயரே அந்த ஊசலாடும் கையைக் குறிப்பது. 1973 முதல் எஸ்டி என்ற பெயரில் வந்த இவ்வண்டிகளின் உற்பத்தி 1996இல் நின்றது.

ராஜ்தூத்தின் முன்பக்கம்

மலைக்கு வந்த வண்டிகளில் தனித்துச் சொல்ல வேண்டியது ராஜ்தூத் 175. பரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து நாட்டின் எஸ்.எச்.எல். எம் 11 வண்டியை அடியொற்றிச் செய்தது. பால்காரர் வண்டி என்று கேலியாகச் சொன்னாலும், கேனைக் கட்டிக்கொண்டு கரடுமுரடான பாதையில் போகத் தெரிந்த வண்டி. அதன் பழைய மாதிரிகளில் முன்பக்கம் குழாய் ஃபோர்க் கிடையாது. பின்பக்கம்போலவே முன்பக்கமும் ஓர் ஊசலாடும் கை, அதற்கு இரண்டு அதிர்வுதாங்கிகள். எர்னி இயர்ல்ஸ் என்ற ஆங்கிலேயரின் பெயரால் வழங்கும் அமைப்பு இது. ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. வண்டிகளும் 1950களின் நடுவிலிருந்து 1960களின் இறுதி வரை இதைப் பயன்படுத்தின.

இதன் சிறப்பு இறக்கத்தில் தெரியும். குழாய் ஃபோர்க் உள்ள வண்டியில் முன்பிரேக் பிடித்தால் மூக்கு கீழே அமுங்கும், வில்லின் பாதி இடம் அங்கேயே தீர்ந்துவிடும். போடிமெட்டிலிருந்து முந்தல் வரை 17 வளைவுகளிலும் பிரேக் பிடித்தபடிதான் இறங்க வேண்டும். அப்போது ஒரு பள்ளம் வந்தால் அதை வாங்கிக்கொள்ள மீதி இடம் குறைவு. இயர்ல்ஸ் அமைப்பில் பிரேக் பிடிக்கும்போது மூக்கு அமுங்குவதில்லை, சற்றே எழும்புவதும் உண்டு. பள்ளத்துக்கு முழு இடமும் இருக்கும். ஆனால் எடை அதிகம், திருப்புவதற்குக் கனம். ஊசலாடும் கையின் புஷ் தேய்ந்தால் முன்சக்கரம் தன் விருப்பத்துக்குப் போகும். பின்னர் ராஜ்தூத்தும் குழாய் ஃபோர்க்குக்கு மாறியது. விற்பனைக்கு அந்த மாற்றம் உதவியிருக்கலாம். மலை இறக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பழைய முன்பக்கமே மேல் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

நூறு சி.சி. வண்டிகளும் உலகின் மண்பாதை வண்டிகளும்

1980களில் இந்திய நிறுவனங்கள் ஜப்பானியரோடு கைகோத்தன. 1984இல் இந்த்-சுசுகி, 1985இல் யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அடுத்துக் கவாசாகி பஜாஜ் என வரிசையாக எடை குறைந்த நூறு சி.சி. வண்டிகள் வந்தன. ஓசூரிலிருந்து 1980இல் வந்த டி.வி.எஸ். 50 வழிவந்த மொபெட்டுகள் சிறு சுமைக்கு மலிவான வழியாயின. ஆர்.எக்ஸ். 100 மலையில் விரும்பப்பட்டதற்கு அதன் இரண்டடி இன்ஜினின் இழுப்பும், கீழே விழுந்தால் ஒருவரே தூக்கி நிறுத்தக்கூடிய எடையும் காரணம். அதன் அதிர்வுதாங்கி மட்டும் நகரத்துக்கு உரியது.

இதே காலத்தில் வெளிநாட்டில் மண்பாதை வண்டி முற்றிலும் வேறு பிறவி எடுத்துவிட்டது. 1968இல் யமஹாவின் டி.டி.-1, சாலையிலும் மண்ணிலும் ஓடும் வண்டியைச் சாதாரண மக்களுக்குக் கொண்டுவந்தது. லூசியன் தில்கென்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர் பின்பக்கத்து இரண்டு அதிர்வுதாங்கிகளை எடுத்துவிட்டு, நீளமான ஒன்றை இருக்கைக்கு அடியில் வைக்கும் அமைப்பை உருவாக்கினார். யமஹா அதை வாங்கிப் பொருத்திய வண்டியில் சுவீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் 1973ஆம் ஆண்டின் 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். அடுத்த பத்தாண்டுக்குள் போட்டி வண்டிகளின் சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம் ஏறக்குறைய 100 மி.மீட்டரிலிருந்து 300 மி.மீட்டர் அளவுக்கு வளர்ந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த நம் நாட்டில் இவ்வண்டிகளைப் படத்தில் பார்த்ததோடு சரி. இங்கே மண்பாதைப் போட்டிக்கு ஆசைப்பட்டவர்களும் சாலை வண்டியையே வெட்டி ஒட்டி ஓட்டினார்கள்.

தேய்மானத்தின் வகைகள்

மலை வண்டியின் தேய்மானம் சமவெளி வண்டியினதைப் போன்றது அன்று. ஏறும்போது எடை பின்னால் சாயும், கேரியரில் மூட்டையும் இருக்கும், அடி முழுவதும் பின் அதிர்வுதாங்கிக்கும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷுக்கும் விழும். இறங்கும்போது எடை முன்னால் வரும், ஃபோர்க் பாதி அமுங்கிய நிலையிலேயே நெடுந்தூரம் வேலை செய்யும். எனவே ஃபோர்க் பைப்பின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் குரோம் பூச்சு தேய்ந்து மங்கலாகும். அதோடு ஈரம் சேரும்போது பூச்சில் ஊசிமுனை அளவு துருக்குழிகள் விழுகின்றன. அந்தக் குழியின் விளிம்பு, பைப் மேலும் கீழும் நழுவும் ஒவ்வொரு முறையும் ஆயில் சீலின் ரப்பர் உதட்டை அரம்போல் அறுக்கும். சீல் போனால் எண்ணெய் கசியும், சேறும் நீரும் உள்ளே போகும். கசிந்த எண்ணெய் பைப் வழியே இறங்கி முன்பிரேக் டிரம்மை எட்டினால் பிரேக் பிடிக்காது. கொண்டை ஊசி வளைவுக்கு முன் இது தெரியவந்தால் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

நோயறிதல் எளிது. வண்டியை நிறுத்தி முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திவிட வேண்டும். ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய் இல்லை அல்லது வீரியமற்றுப் போய்விட்டது. எழும்பும்போது 'டக்' என்ற ஒலி வந்தால் மேல் முட்டில் இடிக்கிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷின் தேய்வு கையில் தெரியும். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பும்போது நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், கோன் செட்டில் குண்டுகள் தடம் பதித்துவிட்டன. பலர் இந்தக் கடைசிக் கோளாறை ஃபோர்க்கின் குறை என்று நினைத்து ஃபோர்க்கைப் பிரித்துவிடுகிறார்கள்.

பிரித்துப் புதுப்பித்தல்

முன்பக்கத்தைப் பிரித்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது வெளியே வரும் எண்ணெயை. கறுத்துச் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் புஷ்ஷும் வில்லும் உராய்ந்த உலோகத்தூள் கலந்திருக்கிறது. மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் மலையில் ஓடிய வண்டியில் மோர்நிறம் வருவது வியப்பன்று.

அடுத்தது பைப். கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். சிறு வளைவைப் பிரஸ்ஸில் வைத்துப் பெண்டு எடுப்பார்கள். மடிந்த பைப்பை நிமிர்த்திப் போடுவது உயிரோடு விளையாடும் செயல். மேலோட்டமான துருவை நுண்ணிய வாட்டர் பேப்பரை எண்ணெயில் நனைத்துத் தேய்த்து நீக்கலாம். ஆழமான குழி இருந்தால் பழைய குரோமை நீக்கி மறுபடியும் கடினக் குரோம் பூசி அளவுக்குச் சாணை பிடிக்க வேண்டும், அல்லது புதிய பைப் வாங்க வேண்டும். பைப்பைத் தொடாமல் சீலை மட்டும் மாற்றுகிறவர் அடுத்த பறிப்புச் சுற்றுக்குள் திரும்பி வருவார். இதைத் தெரிந்தே செய்யும் பட்டறைகளும் இல்லாமலில்லை.

புதிய சீலைப் பொருத்தும்போது பைப்பின் கூர்முனை அதன் உதட்டைக் கிழிக்காமலிருக்க, முனையில் பாலித்தீன் தாளைச் சுற்றி எண்ணெய் தடவி இறக்குவது நல்ல பழக்கம். சீலைச் சாயாமல் அடித்து இறக்கப் பழைய சீலையையே மேலே வைத்துத் தட்டுவார்கள். விலை கொடுத்து வாங்காத நல்ல கருவி அது.

எண்ணெயில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று அதன் தடிமன். தடித்த எண்ணெய் ஆட்டத்தை வேகமாக அடக்கும். ஆனால் அளவுக்கு மீறித் தடித்தால் அடுத்தடுத்து வரும் கற்களுக்கு இடையில் ஃபோர்க் எழுந்து வர நேரமின்றிப் படிப்படியாக அமுங்கியே போகும். ஃபோர்க் ஆயில் கிடைக்காத காலத்தில் இன்ஜின் ஆயிலை ஊற்றி ஓட்டிய வண்டிகள் எல்லாம் இப்படித்தான் கைகளை மரத்துப்போகச் செய்தன. இரண்டாவது அதன் மட்டம். எண்ணெய்க்கு மேலே அடைபட்ட காற்றும் ஒரு வில்லாகிறது. மட்டத்தைச் சிறிது உயர்த்தினால் கடைசிக்கட்ட அமுக்கம் கடினமாகி, பெரிய பள்ளத்தில் அடியில் இடிப்பது குறையும். அதிகம் ஊற்றினால் அழுத்தம் சீலையே பிதுக்கிவிடும். இரு கால்களிலும் ஒரே மட்டம் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும், இருந்தும் மறக்கப்படுவது இதுதான்.

வில்லைப் பற்றி முன்பு சொன்ன குழப்பம் இங்கே வருகிறது. தளர்ந்த வில்லுக்கு மேல் வாஷர்களை அடுக்கி 'டைட்' செய்வது பரவலான வழக்கம். இதனால் வண்டி உயரும், உண்மைதான். ஆனால் வில்லின் கடினம் மாறாது. ஒரு சென்டிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டுமோ அது அப்படியேதான் இருக்கும். மாறுவது தொடக்க நிலை மட்டும். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொடர இருந்த இடம் குறைகிறது. பின் அதிர்வுதாங்கியின் அடியில் உள்ள படிகளைத் திருப்புவதும் இதே வகை. மூட்டை ஏற்றும் நாளில் படியை ஏற்றி, தனியாகப் போகும் நாளில் இறக்குவதற்காக அது வைக்கப்பட்டது. ஒருமுறை ஏற்றிவிட்டுத் துருப்பிடிக்க விட்டுவிட்டவர்களே அதிகம். வில்லின் இயல்பு நீளத்தைச் சமதளத்தில் வைத்து அளந்து, கையேட்டில் உள்ள வரம்பைவிடக் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் சரியான வழி. ஓட்டுபவர் அமர்ந்தபின் வண்டி தன் மொத்த அசைவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கி நிற்பது பொதுவான கணக்கு.

புஷ்கள் விஷயத்தில் பட்டறைகளுக்கு லேத்து ஒரு வரம். நிறுவனம் மூடிப்போன எஸ்டிக்கும் வெண்கலத்தில் புஷ் கடைந்து போடலாம். அளவு சற்றே இறுகலாகக் கடைந்து, பொருத்தியபின் ரீமர் விட்டு இழைத்தால் புதிது போலவே இருக்கும்.

திறக்க முடியாத குழாய்

முன்பக்கம் திறந்து மூடும் பொருளாகவே இருக்க, பின்பக்கம் வேறு வழியில் போனது. 1961இல் கேப்ரியல் இந்தியா தொடங்கியது முதல் அதிர்வுதாங்கி தனி நிறுவனங்களின் உற்பத்திப் பொருளாக வளர்ந்தது. ஓசூரிலும் அதன் ஆலை ஒன்று இருசக்கர வண்டிகளுக்கானவற்றைத் தயாரிக்கிறது. இப்பின் அதிர்வுதாங்கிகளில் பல, விளிம்பு மடித்து மூடப்பட்டவை. பழுதானால் தூக்கியெறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்பதே நிறுவனங்களின் எண்ணம். நம் பட்டறைகள் அதை ஏற்கவில்லை. துளையிட்டுப் பழைய எண்ணெயை வடித்து, புதிய எண்ணெய் ஊற்றி, துளையைப் பற்றவைத்து மூடினார்கள். நேர்த்தியான வேலை அன்று, சில மாதம் தாங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வேகமாக ஆடும் எண்ணெயில் காற்று கலந்தால் நுரைக்கும். நுரைத்த எண்ணெய் ஆட்டத்தை அடக்காது. இதைத் தவிர்க்க, எண்ணெயை அழுத்தப்பட்ட வாயுவின் கீழ் வைக்கும் முறையை 1950களில் பிரான்சின் தெ கார்போன் உருவாக்கினார். இந்தியாவிலும் பின்னாளில் நைட்ரஜன் வாயு நிரப்பிய அதிர்வுதாங்கிகள் பரவலாக வந்தன. பழைய கைப்பழக்கத்தில் இவற்றைத் துளையிட்டாலோ நெருப்புக் காட்டினாலோ வெடித்துச் சிதறும். மேலே வாயு நிரப்பிய குப்பியோ எச்சரிக்கை வாசகமோ இருக்கிறதா என்று பாராமல் துளைக்கருவியைக் கையில் எடுக்கக் கூடாது.

சட்டமும் பழைய வண்டியும்

தேய்ந்த பாகத்துக்கு அதே வகைப் பாகம் போடுவது பராமரிப்பு. வேறு வண்டியின் நீண்ட ஃபோர்க்கைக் கொண்டுவந்து பொருத்துவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பதிவு செய்து 15 ஆண்டுகள் ஆன மோட்டார் சைக்கிளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியும் பார்வையிடப்படும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. எண்ணெய் கசியும் ஃபோர்க்கோடு போனால் திருப்பி அனுப்பப்பட வாய்ப்பு உண்டு. எனவே பலர் ஃபோர்க்கைப் பிரிப்பது இந்தத் தேதியை ஒட்டித்தான்.

அண்மைக் காலம்

மண்பாதையையும் மனத்தில் வைத்த இந்திய வண்டிகள் தாமதமாக வந்தன. 2011இல் ஹீரோ நிறுவனத்தின் இம்பல்ஸ் வந்து, போதிய விற்பனையின்றிச் சில ஆண்டுகளில் நின்றது. 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்கு முன்பக்கம் 200 மி.மீ., பின்பக்கம் 180 மி.மீ. அசைவு. 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200க்கு முறையே 190, 170 மி.மீ. முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த அளவுகள் கிடைத்திருந்தால் மலையில் எத்தனையோ முதுகுகள் தப்பியிருக்கும்.

போடிமெட்டிலிருந்து மூணாறு செல்லும் நெடுஞ்சாலை இப்போது அகலப்படுத்தப்பட்டுவிட்டது. அதில் பழைய வண்டியும் சிரமமின்றி ஓடும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சோலைக்குள் புகும் ஜீப் பாதையின் முதல் நூறு அடியிலேயே சக்கரத்துக்கு அடியில் பழைய கற்கள் வந்துவிடுகின்றன. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அப்பக்கத்துத் தோட்டங்களுக்குச் செல்வோர் இன்னும் சுற்றுவழியாகவே போகிறார்கள். தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன், வைகாசியில், ஃபோர்க் எண்ணெயை வடித்து மாற்றிவிடுவது இப்பகுதி வண்டிக்கு ஏற்ற கால அட்டவணை. பறிப்பு முடியும் மாசியில் இன்னொரு முறை திறந்து பார்த்தால், மழை எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதை எண்ணெயின் நிறமே காட்டிவிடும்.